தூண்டிற்கோல் செய்தலும் செப்பனிடுதலும்

அரியலூர் மாவட்டத்துச் செந்துறை வட்டத்தில் உள்ள ஆலத்தியூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் சுண்ணாம்புப்பாறை மிகுந்த, வானம் பார்த்த பூமியில் அமைந்தவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையே இப்பக்கத்து ஏரி குளங்களுக்கு ஆதாரம். மாசி, பங்குனியில் நீர்மட்டம் தாழத் தொடங்கும். அப்போது வயல்வேலையும் குறைந்திருக்குமாதலால், ஓய்வுள்ள குடியானவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு கரையை நாடுதல் இயல்பு. ஒரு விரால் கிடைத்தால் வீட்டிற்கு நல்ல கறி. இரண்டு மூன்று கிடைத்தால் கைச்செலவிற்குச் சிறிது பணமும் ஆகும்.

ஆனால், பெரிய விரால் முள்ளில் மாட்டிய சமயத்திலேயே கோல் ஒடிந்துபோவதும், மீனும் முள்ளும் நரம்பும் ஒருங்கே போய்விடுவதும் பலர் அநுபவத்தில் கண்டதேயாம். நானூறு ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய கோல் ஒடிந்தால், அதனை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவதற்குக் கூலிக்காரர் ஒருவரின் ஒரு நாள் உழைப்பு போய்விடுகிறது. ஒடிந்த கோல்களை எடுத்து ஆராய்ந்தால், அவை பெரும்பாலும் நான்கு இடங்களிலேயே ஒடிந்திருக்கக் காணலாம்: கைப்பிடிக்குச் சற்று மேலே; இரண்டு துண்டுகள் சேரும் குழாயின் விளிம்பில்; அளவுக்கு மீறிச் செதுக்கிய கணுவில்; முன்பு செப்பனிட்ட கட்டு முடியும் இடத்தில். இந்நான்கிற்கும் காரணம் ஒன்றே. விறைப்பான பகுதி திடீரென்று முடிந்து, துவளும் பகுதி திடீரென்று தொடங்கும் இடத்தில்தான் கோல் ஒடிகிறது. வளைவு அடி முதல் நுனி வரையில் படிப்படியாகப் பரவும்படி செய்த கோல் ஒடிவது அரிது. கோல் செய்வதற்கும் அதனைச் செப்பனிடுவதற்கும் உரிய விதிகள் யாவும் இந்த ஓர் உண்மையினின்றே பிறப்பன.

விராலுக்கு வேண்டிய கோல்

விரால் கொன்று தின்னும் மீன். தாமரை, ஆம்பல், கோரை, நீர்ப்பாசி ஆகியவற்றினிடையே அசையாது மறைந்திருந்து, அருகில் வரும் சிறு மீனையும் தவளையையும் பாய்ந்து பிடிக்கும். முள் தைத்தவுடன் வேர்களுக்கும் தண்டுகளுக்கும் உள்ளே புகுந்துகொள்ள முயலும். அங்ஙனம் புகுந்துவிட்டால் அதனை வெளியே எடுத்தல் அரிது. ஆதலின், முதல் இழுப்பிலேயே அதன் தலையை மேலே திருப்பவல்ல வலிமை கோலுக்கு இருத்தல் வேண்டும்.

அமெரிக்க நாட்டில் பாஸ் என்னும் மீனைப் பிடிப்போருக்கும் இதே தொல்லை உண்டு. அதுவும் பாசியில் மறைந்து பாயும் இனமே. ஆறுகளில் வழங்கிவந்த நீண்டு துவளும் கோல்கள் அதற்குப் பொருந்தாமையால், ஜேம்ஸ் ஹென்ஷல் என்னும் மருத்துவர் 1881-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், எட்டேகால் அடி நீளமுள்ள குட்டையான கோலை வற்புறுத்தினார். இக்காலத்தில் அது ஆறரை, ஏழு அடியாகவும் குறைந்துவிட்டது. நம் நாட்டிலும் இவ்விஷயம் கவனிக்கப்படாமல் இல்லை. சென்னை மாகாண சிவில் உத்தியோகஸ்தராயிருந்த எச். எஸ். தாமஸ் என்பவர் 1873-இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலையும், குளங்களில் தூண்டிலிடுதலைப் பற்றித் தனியே 1887-இல் ‘டாங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்ற நூலையும் வெளியிட்டார்.

கரையிலிருந்தபடியே நரம்பை நுனியில் கட்டித் தக்கையும் மண்புழுவும் இட்டுப் பிடிப்பவருக்குப் பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள பழைய மாதிரிக் கழியே ஏற்றது. ரீல் பூட்டிப் பொய்யிரையை வீசி இழுத்து விராலைப் பிடிப்பவருக்கு ஆறரை அல்லது ஏழு அடிக் கோல் போதும். பின்வருவன பெரும்பாலும் இவ்விரண்டாவது வகையைக் குறித்தனவாயினும், மூங்கிலைப் பற்றிய செய்திகள் இரண்டிற்கும் பொது.

மூங்கில் தெரிந்தெடுத்தல்

நம் பக்கத்தில் கிடைக்கும் மூங்கில்களில் பெருமூங்கில் எனப்படும் முள்மூங்கில் உட்டுளை பெரிதாயுள்ளது, ஏணிக்கும் பந்தலுக்கும் உதவும், கோலுக்கு உதவாது. கல்மூங்கில் அல்லது கெட்டிமூங்கில் என வழங்குவதே கோலுக்கு உரியது. வறண்ட நிலத்தில் வளர்ந்த கல்மூங்கில் ஏறக்குறையத் துளையே இன்றிக் கெட்டியாயிருக்கும். குதிரைப்படையினரின் ஈட்டிக் காம்புகளுக்கு இவ்வின மூங்கிலே இந்தியாவில் உபயோகமாயிற்று.

இதன் பெருமை கடல் கடந்தும் சென்றதுண்டு. அமெரிக்காவில் பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த ஸாமுவேல் பிலிப்பி என்ற துப்பாக்கித் தொழிலாளி 1840-களில் மூங்கிலைப் பிளந்து சிம்புகளாக்கி, அவற்றை ஒட்டிக் கோல் செய்யும் முறையைத் தொடங்கினார். பின்னர் ஹைராம் லெனார்டு முதலியோர் ஆறு சிம்புகளை முக்கோணமாய்ச் சீவி ஒட்டி அத்தொழிலைப் பெருக்கினர். அக்கோல்களுக்கு முதலில் உபயோகித்த மூங்கில் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து சென்றமையால், ‘கல்கத்தா மூங்கில்’ என்றே பெயர் பெற்றது. அது நம் கல்மூங்கிலே எனக் கருதப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் சீனத்து டாங்கின் மூங்கில் அதன் இடத்தைக் கவர்ந்தது. 1950-இல் சீனாவுடன் வாணிகம் நிறுத்தப்பட்டபோது, அமெரிக்கர் கண்ணாடி நார்க் கோல்களை முற்றும் தழுவினர். நம் புதர்களில் நிற்கும் பொருள் ஒருகாலத்தில் அயல்நாட்டார் விலைகொடுத்து வாங்கிச் சென்ற பொருள் என்பதைக் குடியானவர் அறிந்திருத்தல் நலம்.

வெட்டுவதற்குரிய கழி மூன்று வயதுக்குக் குறையாததாயிருத்தல் வேண்டும். இளங்கழியில் மட்டைகள் கணுவை ஒட்டியிருக்கும். மேல்தோல் பளபளப்பான பச்சையாயிருக்கும். முற்றிய கழியின் தோல் மங்கி, தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மழைக்காலம் முளைவிடும் பருவமாதலால் அப்போது வெட்டலாகாது. மழை ஓய்ந்தபின் தை, மாசியில் வெட்டுதல் சிறந்தது. தேய்பிறையில் வெட்டவேண்டும் என்னும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதனினும் முக்கியம் கழியின் வயதும் பருவமும் என்க. காட்டு மூங்கிலை அநுமதியின்றி வெட்டுதல் குற்றம். ஆனால், காட்டிற்கு வெளியே சொந்த நிலத்தில் வளரும் மூங்கில் 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி ‘மரம்’ என்னும் வரையறையினின்று நீக்கப்பட்டுள்ளது.

பதப்படுத்தல்

மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை நாடியே உளு என்னும் துளைப்பான் வண்டு வருகிறது. வெட்டிய கழிகளை இரண்டு மூன்று வாரம் குளத்து நீரில் அமிழ்த்தி வைத்தால் அச்சத்து கரைந்துபோகும். பின்பு நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையில் படாதபடி பரணில் கிடத்தி மூன்று மாதமாவது உலர்த்த வேண்டும். வெயிலில் உலர்த்தினால் வெடித்துவிடும். அடுப்புக்கு மேலுள்ள பரணில் புகைபட வைக்கும் பழைய வழக்கம் உளுவைத் தடுப்பதற்கு மிகவும் நல்லது.

உலர்ந்த கழியில் வளைவு இருந்தால், கரிநெருப்பின் மேல் சுவாலை படாமல் காட்டிச் சூடேற்ற வேண்டும். சூட்டில் மூங்கில் இளகும். அப்போது வளைவுக்கு எதிர்ப்புறமாகச் சிறிது மிகையாகவே வளைத்துப் பிடித்து, ஈரத்துணியால் ஒற்றி ஆறவிட்டால் அந்நிலையில் நின்றுவிடும். தோல் கருகும்படி சூடேற்றினால் நார் இறந்து, அவ்விடமே பின்பு ஒடியும்.

அளவும் வடிவும்

மூங்கிலின் வலிமை தோலை அடுத்துள்ள நெருங்கிய நார்களில் உள்ளது. உள்ளே செல்லச் செல்ல நார் அருகும். ஆகையால், அழகுக்காகத் தோலைச் சுரண்டுதல் கோலின் உயிரையே சுரண்டுவதாகும். கணுவில் துருத்தி நிற்கும் மேட்டை மட்டும் அரத்தால் மெல்லத் தேய்க்கலாம். இதில் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். உருண்டையான கெட்டிக் கழியின் விறைப்பு அதன் பருமனின் நான்காம் பெருக்கத்தைப் பொறுத்தது. பருமன் இரண்டு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்காகும். பருமனில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கையால் தடவினால் தெரியாத குறைவும் மீன் இழுக்கும்போது தெரிந்துவிடும்.

ஏழடிக் கோலுக்கு, கழியின் மேற்பகுதியில் இயற்கையாகவே ஒல்கிச் செல்லும் துண்டை எடுக்க வேண்டும். கைப்பிடிக்கு மேல் சுமார் அரை அங்குலமும், நுனியில் கால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவும் பருமன் இருக்கலாம். பின்பு அடியைக் கிடைமட்டமாகப் பிடித்து, நுனியில் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். வளைவு நுனியிலிருந்து கோலின் மூன்றில் இரண்டு பங்கு வரையில் முறிவின்றி வில்போல் வந்தால் கழி நல்லது. ஓரிடத்தில் மட்டும் மடிந்தாற்போல் தோன்றினால், அவ்விடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல், வேறு கழியை எடுத்துக்கொள்வதே லாபம்.

கோல் பிடிப்பவருக்கேற்பவும் அமைதல் வேண்டும். சிறுவனுக்கும் குட்டையானவருக்கும் ஆறடியே போதும். கரையில் புதர் மண்டிய இடத்தில் நீண்ட கோல் வீசுவதற்கு இடர் செய்யும். பாசி மிகுந்த குளத்திற்குச் சற்றுப் பருத்த கோலும், நீர் தெளிந்த திறந்த ஏரியில் கெண்டை பிடிப்பதற்கு மெல்லிய கோலும் ஏற்றவை.

கைப்பிடியும் வளையங்களும்

கைப்பிடிக்குத் தக்கை கிடைக்காவிடில் பருத்திக் கயிற்றை நெருங்கச் சுற்றி வார்னீஷ் பூசலாம். பழைய சைக்கிள் டியூபை இழுத்து மாட்டினாலும் ஈரக்கையில் வழுக்காது. கைப்பிடி முடியும் இடம் செங்குத்தாக முடியாமல், சாய்ந்து மெலிந்து முடிதல் வேண்டும். கைப்பிடிக்குமேல் ஒடியும் கோல்கள் பெரும்பாலும் இக்குறையால் ஒடிந்தவையே.

எந்தக் கழிக்கும் ஒரு பக்கம் மற்றப் பக்கங்களைவிட விறைப்பாயிருக்கும். அதனைக் காண, கழியின் நுனியை உள்ளங்கையில் தாங்கி, அடியைத் தரையில் ஊன்றி, நடுவில் மெல்ல அழுத்தியபடி உருட்ட வேண்டும். கழி தானாகவே ஒரு நிலையில் துள்ளி நிற்கும். அப்போது வளைவின் உட்பக்கத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேர்கோட்டிலேயே வளையங்களைக் கட்டினால், இழுக்கும்போது கோல் கையில் திருகாது.

ஏழடிக் கோலுக்கு நுனி வளையம் நீங்கலாக ஏழு அல்லது எட்டு வளையங்கள் வேண்டும். அடியில் இடைவெளி மிகுதியாகவும், நுனியை நோக்கிக் குறைந்தும் அமைய வேண்டும். முதலில் அவற்றை நூலால் தற்காலிகமாகக் கட்டி, நரம்பைக் கோத்து எடை தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். நரம்பு எங்கேனும் கழியின்மேல் உரசினாலும், இரு வளையங்களிடையே கோணமாக மடங்கினாலும் அங்கே ஒரு வளையம் கூட்ட வேண்டும் அல்லது நகர்த்த வேண்டும். வளையங்கள் நெருங்கும் நுனிப்பகுதியில் நரம்பு கழியின் வளைவையே பின்பற்றும். பளுவும் பல இடங்களுக்குப் பங்கிடப்படும்.

வளையத்தின் கால்களை அரத்தால் கத்திமுனைபோல் மெலியச் செய்த பின்பே கட்ட வேண்டும். தடித்த காலின் விளிம்பு கழியில் பதிந்து அங்கே வெடிப்பு தோன்றும். பட்டு நூலோ, உறுதியான தையல் நூலோ கொண்டு, நூலின் தொடக்கத்தை அடுத்த சுற்றுகளே அழுத்தும்படி வரிசையாக நெருக்கிச் சுற்ற வேண்டும். முடிவதற்கு ஆறு சுற்று இருக்கும்போது தனி நூற்கண்ணி ஒன்றை வைத்துச் சுற்றி, நூல் முனையை அக்கண்ணியில் கோத்து உள்ளே இழுத்துவிட்டால் முடிச்சே வேண்டுவதில்லை. அதன்மேல் வார்னீஷ் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நன்கு உலரவிட்டுப் பூச வேண்டும். நுனி வளையத்தை அரக்கினால் ஒட்டுவது உசிதம். அரிவாளுக்குப் பிடி ஏற்றும் அதே அரக்குத்தான். பின்னால் அவ்வளையத்தை மாற்ற நேர்ந்தால், சூடுகாட்டினால் கழன்றுவிடும்.

செப்பனிடும் முறைகள்

நுனியில் இரண்டு மூன்று அங்குலம் ஒடிந்தால், ஒடிந்த முனையைச் சமமாக அறுத்து, அப்பருமனுக்கேற்ற நுனி வளையத்தைப் பொருத்தினால் போதும். கோல் சிறிது விறைப்பாகுமேயன்றிக் கெட்டுவிடாது.

நடுவில் ஒடிந்த கெட்டிமூங்கிலுக்குச் சாய்வெட்டு இணைப்பே தகுந்தது. ஒடிந்த இரு முனைகளையும் நார் சிதைந்த அளவிற்கு நீக்கிவிட்டு, இரண்டையும் ஒரே சாய்வாகச் சீவ வேண்டும். சாய்வின் நீளம் கழியின் பருமனைப்போல் பன்னிரண்டு மடங்கிற்குக் குறையலாகாது. அரையங்குலக் கழிக்கு ஆறு அங்குலம் என்று கணக்கிடுக. இரு முகங்களும் ஒளி நுழையாதபடி பொருந்திய பின்பு, அரால்டைட் போன்ற இருகலவைப் பசையைத் தடவி, நூலால் இறுகச் சுற்றி ஒரு நாள் முழுதும் விட்டுவைக்க வேண்டும். முன்காலத்து வச்சிரம் ஈரத்தில் இளகுமாதலால் இதற்கு ஆகாது. கட்டின் இரு முனைகளிலும் நூற்சுற்றை வரவர விலக்கிக்கொண்டே போய் முடிக்க வேண்டும். கெட்டியாயிருக்கட்டும் என்று கம்பியாலும் தகட்டாலும் கனத்த கட்டுப் போடுவோர், கட்டு முடியும் இடத்தில் அடுத்த முறிவைத் தாமே ஏற்பாடு செய்கின்றனர்.

விலைக்கு வாங்கும் கோல்கள் கண்ணாடி நாராலோ கரிநாராலோ ஆன உட்டுளையுள்ள குழாய்கள். கரிநார்க் கோல்கள் 1970-களில் அங்காடிக்கு வந்தவை. எடை மிகக் குறைவு. ஆனால் பக்கவாட்டில் கல்லின்மேல் மோதினால் தோன்றும் மயிரிழை வெடிப்பே பின்பு முறிவாகும். இவை ஒடிந்தால், துளைக்குள் பொருந்தும் கெட்டியான கண்ணாடி நார்த் துண்டையோ, நன்குலர்ந்த மூங்கிற் சிம்பையோ முறிவின் இருபுறமும் மும்மூன்று அங்குலம் செல்லும்படி பசையிட்டுச் செருக வேண்டும். அத்துண்டின் இரு முனைகளும் மெலிந்திருத்தல் அவசியம். வெளியே நூல் சுற்றிப் பசை பூசலாம். கரிநாரைத் தேய்க்கும்போது எழும் தூள் மூச்சிற்கும் தோலுக்கும் கேடு. மூக்கை மூடிக்கொண்டு, நீர்விட்டுத் தேய்க்க வேண்டும்.

நரம்பு அடிக்கடி அறுந்தால் கோலையோ நரம்பையோ குறை கூறுமுன், ஒரு பஞ்சுத் துணுக்கை ஒவ்வொரு வளையத்தினுள்ளும் சுழற்றிப் பார்க்க. பஞ்சு சிக்கும் வளையத்தில் கீறல் உண்டு; அதனை மாற்றிவிடுக.

காப்பும் எச்சரிக்கையும்

வேலை முடிந்ததும் கோலைத் துடைத்து, நரம்பைத் தளர்த்தி, நேராகத் தொங்கவிட வேண்டும். சுவரில் சாய்த்து வைத்த மூங்கிற்கோல் சில மாதங்களில் நிரந்தரமாக வளைந்துவிடும். வளைந்தால் மீண்டும் கரிநெருப்பில் காட்டி நிமிர்த்தலாம். ஆண்டுக்கொருமுறை வார்னீஷ் பூசுதல் ஈரத்தையும் உளுவையும் தடுக்கும்.

கரிநார் மின்சாரத்தைக் கடத்தும்; நனைந்த மூங்கிலும் கடத்தும். ஏரிக்கரையின்மேல் மின்கம்பி செல்லும் இடங்களில் கோலைத் தூக்கி வீசுதலும், இடி மின்னலின்போது கோலைப் பிடித்து நிற்றலும் உயிருக்கு ஆபத்து. குளத்து மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டிருப்பின் குத்தகைதாரரின் சம்மதம் பெற வேண்டும்.

மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் மேய்வதைக் காணலாம். அவற்றின் கீழே தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கும். அவை பொய்யிரையைக் கண்டதும் சினந்து பாய்வதால் எளிதில் அகப்படும். அவ்விரண்டைப் பிடித்தால் அக்கூட்டம் முழுதும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அடுத்த ஆண்டு அக்குளத்தில் தூண்டிலிடுவதற்கு ஒன்றும் இராது. இரைக்குத் தவளையைப் பிடித்தலும் தக்கதன்று. பயிர்ப்பூச்சிகளைத் தின்னும் அதன் உதவியைக் கருத வேண்டும். இந்தியாவிலிருந்து தவளைக்கால் ஏற்றுமதி 1987-இல் தடுக்கப்பட்டதும் நினைக்கத்தக்கது. மரத்தாலும் ரப்பராலும் செய்த பொய்த்தவளையே விராலுக்குப் போதும்.

நீர் தேங்காத மேட்டு நிலத்தில், வேலியோரமாகப் பதினைந்து அடிக்கு ஒன்றாகக் கல்மூங்கில் கன்று சில நட்டால், ஐந்தாம் ஆண்டு முதல் முற்றிய கழிகளை மட்டும் தெரிந்து வெட்டலாம். இளங்கழிகளை விட்டுவைத்து, தரைக்கு மேலுள்ள முதற் கணுவை ஒட்டி வெட்டினால் புதர் அழியாது. கோலுக்கு மட்டுமன்று, ஏர்க்காம்பிற்கும் தாற்றுக்கோலுக்கும் பயிர்த்தாங்கிக்கும் அது உதவும். கழி சொந்த வேலியிலும், அரக்கும் நூலும் வீட்டிலும் இருக்க, கோல் ஒடிந்ததென்று கடையை நாடவேண்டிய அவசியமில்லை. வளைவு எங்கும் தடைப்படாமல் ஓடவேண்டும் என்ற ஒன்றை மறவாதவர் செய்த கோல், செப்பனிட்ட பின்பும் பல பருவங்களுக்கு உழைக்கும்.